எக்கோ அறைக்குள் போகும் முன்

எக்கோ எடுக்கச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்ததும் பல வீடுகளில் எழும் முதல் கேள்வி, "வெறும் வயித்தோட போகணுமா?" என்பதுதான். வேண்டியதில்லை. மார்பின் மேல் கருவியை வைத்துப் பார்க்கும் சாதாரண எக்கோவுக்கு இட்லி சாப்பிடலாம், காபி குடிக்கலாம், வழக்கமான மாத்திரைகளை வழக்கமான நேரத்தில் போட்டுக்கொள்ளலாம்.

இதை முதலிலேயே அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ரத்தப் பரிசோதனைக்குப் போய்ப் பழகிய சர்க்கரை நோயாளிகள் பலர், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்து வரிசையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். இன்சுலினை மட்டும் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. கூட்டம் அதிகமுள்ள மருத்துவமனையில் முறை வர மதியம்கூட ஆகலாம். அதற்குள் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, வியர்த்து, மயங்கி விழுந்தால், இதயத்துக்கு என்னவோ ஆகிவிட்டது என்று வீட்டார் பதறுவார்கள். காரணம் பட்டினி மட்டும்தான். ரத்த அழுத்த மாத்திரையை அன்றைக்கு மட்டும் நிறுத்திவிட்டுப் போவதும் தவறு. அழுத்தம் ஏறியிருக்கும்போது எடுத்தால், மைட்ரல் வால்வில் உள்ள கசிவு வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தெரியக்கூடும். மருத்துவர் பார்க்க விரும்புவது, மாத்திரை போட்டுக்கொண்டு அன்றாடம் நடமாடும் உங்கள் இதயத்தைத்தான்.

தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எக்கோ, ஓடவைத்துப் பார்க்கும் எக்கோ, தூக்க மருந்து கொடுத்துக் குழந்தைகளுக்குப் பார்க்கும் எக்கோ ஆகியவற்றுக்கு விதிகள் வேறு. அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

அடுத்த பயம் கதிர்வீச்சு. எக்கோவில் எக்ஸ்ரே கிடையாது. பயன்படுவது ஒலி. மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரை கேட்கும்; பெரியவர்களுக்கான எக்கோ கருவி அனுப்பும் ஒலியோ நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வுகள் கொண்டது. அது மார்புக்குள் போய், இதயச் சுவரிலும் வால்விலும் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டுக் கருவி படம் வரைகிறது. கர்ப்பிணிகளுக்கும் பச்சிளம் குழந்தைகளுக்கும் எடுக்கலாம். தேவைப்பட்டால் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று முறைகூட எடுக்கலாம்.

இந்த முறைக்கு வழி திறந்தது சுவீடன் நாட்டின் லுண்ட் நகரம். இங்கே எட்லர் என்ற இதய மருத்துவரும் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் 1953-ல் முதன்முதலாக ஒலி அலையால் இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். அவர்கள் கையில் இருந்தது, உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று தொழிற்சாலைகளில் சோதிக்கும் கருவி. மைட்ரல் வால்வு சுருங்கிய நோயாளிகளை அறுவைக்கு அனுப்பும் முன் அந்த வால்வின் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது எட்லரின் தேவை. அதே மைட்ரல் சுருக்கத்தோடு, சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலின் மிச்சமாக, இன்றும் நம் ஊர்களில் இளம் பெண்கள் எக்கோ அறைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை

மிக முக்கியமானது பழைய எக்கோ ரிப்போர்ட். பம்பிங், அதாவது இதயம் ரத்தத்தை வெளியேற்றும் அளவு, இன்றைக்கு 40 சதவீதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். போன வருடம் அது 25 ஆக இருந்திருந்தால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். 60 ஆக இருந்திருந்தால் கவலைப்பட வேண்டிய செய்தி. எண் ஒன்றுதான், பொருள் நேர் எதிர். பழைய தாள் இல்லாமல் போகிறவர் பாதிச் செய்தியோடுதான் வீடு திரும்புகிறார். முடிந்தவரை தொடர்ந்து ஒரே இடத்தில் எடுப்பதும் நல்லது. ஒரே இதயத்தை இருவர் அளந்தால் பம்பிங் அளவில் 5 முதல் 10 புள்ளி வரை வேறுபாடு வருவது இயல்பு.

செயற்கை வால்வு பொருத்தியவர்கள் அறுவையின்போது கொடுத்த வால்வு அட்டையைக் கட்டாயம் கொண்டுபோங்கள். வால்வின் வகை, அளவு, பொருத்திய தேதி எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும் இயல்பான அழுத்த வேறுபாடு வேறு. வால்வு சரியாகத் திறக்கிறதா, அதில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று முடிவு செய்ய அந்த விவரம் தேவை.

உடையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை; அங்கே போய்த்தான் சங்கடப்படுகிறோம். இடுப்புக்கு மேல் துணியை விலக்கியாக வேண்டும். ஆண்களுக்குப் பொத்தான் வைத்த சட்டை போதும். பெண்களுக்குப் புடவையும் முன்பக்கம் கொக்கி வைத்த ஜாக்கெட்டும் வசதி. நைட்டியும், தலை வழியாக மாட்டும் இறுக்கமான குர்தாவும் சிரமம் தரும். சுடிதார் என்றால் முன்பக்கம் திறக்கும் மேலாடையாக இருக்கட்டும். தாலியைக் கழற்ற வேண்டியதில்லை, ஓரமாக ஒதுக்கினால் போதும். இந்த அச்சத்தாலேயே பரிசோதனையைத் தள்ளிப்போடும் அம்மாக்கள் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

எக்கோ எடுப்பவர் ஆணாக இருந்தால், அறைக்குள் ஒரு பெண் ஊழியரோ உங்கள் வீட்டுப் பெண்மணியோ உடனிருக்க வேண்டும் என்று கேளுங்கள். மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளிகள் உரிமைப் பட்டயத்திலேயே இது இருக்கிறது. மேலே போர்த்திக்கொள்ளத் துண்டோ துணியோ கேளுங்கள்; கருவி படும் இடம் மட்டும் தெரிந்தால் போதும். கூச்சத்தில் உடலை இறுக்கிக்கொண்டால் படமும் தெளிவாக வராது. ஆகவே தயங்காமல் கேட்பது பரிசோதனைக்கும் நல்லது.

படுக்கையில்

அறை சற்று இருட்டாக இருக்கும், திரை தெளிவாகத் தெரிவதற்காக. மார்பில் மூன்று ஈசிஜி ஒட்டிகளை ஒட்டுவார்கள். இடதுபுறம் ஒருக்களித்துப் படுத்து, இடது கையைத் தலைக்கு அடியில் வைக்கச் சொல்வார்கள். அப்படிப் படுத்தால்தான் இதயம் மார்புச் சுவருக்கு நெருங்கி வரும். குறுக்கே நிற்கும் நுரையீரல் விலகும். விலா எலும்புகளுக்கு இடையிலும் இடம் கிடைக்கும். காற்றையும் எலும்பையும் தாண்டி இந்த ஒலி சரியாகப் போகாது. ஜெல் தடவுவதும் இதனால்தான்: தோலுக்கும் கருவிக்கும் நடுவே காற்று இருக்கக் கூடாது. ஜெல் சில்லென்றிருக்கும். சாயம் ஒட்டாது, துடைத்தால் போய்விடும்.

கருவியை நான்கு இடங்களில் வைத்துப் பார்ப்பார்கள். நெஞ்செலும்பின் இடது ஓரம், இடது மார்பின் கீழ்ப்புறம், நெஞ்செலும்பு முடியும் மேல்வயிறு, கழுத்துக்குக் கீழே உள்ள குழி. மேல்வயிற்றில் பார்க்கும்போது மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கச் சொல்வார்கள். கழுத்துக் குழியில் பார்க்கும்போது தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்வார்கள். பெண்களுக்கு இடது மார்பைச் சற்றுத் தூக்கி அதன் அடியில் கருவியை வைக்க வேண்டிவரும். இதய நுனி அங்கேதான் இருக்கிறது. பம்பிங் அளவு பெரும்பாலும் அந்தக் கோணத்தில்தான் எடுக்கப்படுகிறது. அது பரிசோதனையின் பகுதி என்று முன்பே தெரிந்திருந்தால் திடுக்கிட நேராது. "என் கையாலேயே தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன்" என்றும் நீங்கள் சொல்லலாம்.

வலி இருக்காது, அழுத்தம் இருக்கும். ஒல்லியானவர்களுக்கு விலா எலும்பில் அழுத்தும்போது நோகும். அறுவைத் தழும்போ விலாவில் அடியோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறும் என்றால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள். தலைப்பக்கத்தை உயர்த்தி, ஏன், உட்காரவைத்தும்கூட எடுக்க முடியும். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பதே மருத்துவருக்கு ஒரு தகவல்.

"மூச்சை இழுங்க... விடுங்க... அப்படியே நிறுத்துங்க" என்று நடுநடுவே குரல் வரும். மூச்சை வெளியே விட்டு நிறுத்தும்போது நுரையீரல் சுருங்கிப் படம் துலங்கும். முடியாவிட்டால் முடியவில்லை என்று சொன்னால் போதும்.

திடீரென்று திரையில் சிவப்பும் நீலமும் பாயும். "வ்வூஷ், வ்வூஷ்" என்று சத்தமும் கேட்கும். சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தம் என்று நினைத்துக்கொண்டு நீலம் அதிகமாகத் தெரிந்ததே என்று கலங்குகிறவர்கள் உண்டு. கருவியை நோக்கி வரும் ரத்தத்துக்குச் சிவப்பு, விலகிப் போகும் ரத்தத்துக்கு நீலம், அவ்வளவுதான். ஆஸ்திரிய அறிஞர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842-ல் விளக்கிய விளைவை வைத்து ரத்தம் எந்தத் திசையில், எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கருவி கணக்கிடுகிறது. அந்த வேகத்திலிருந்து அழுத்தமும் கிடைத்துவிடும்: நொடிக்கு எத்தனை மீட்டர் என்பதை அதே எண்ணால் பெருக்கி, மீண்டும் நான்கால் பெருக்கினால் வால்வின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாடு மில்லிமீட்டர் பாதரசத்தில் வரும். வேகம் 4 மீட்டர் என்றால் வேறுபாடு 64. ஒரு காலத்தில் தொடை வழியாகக் குழாய் செலுத்தி அளந்ததை இப்போது ஊசிகூடக் குத்தாமல் அளக்கிறார்கள்.

எடுப்பவர் பேசாமல் இருப்பார். ஒரே இடத்தை மறுபடி மறுபடி பார்ப்பார். திரையை நிறுத்திக் கோடு போடுவார். இவற்றை வைத்து உங்களுக்கு ஏதோ பெரிய கோளாறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இயல்பான இதயத்துக்கும் இருபது முப்பது அளவுகள் எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரே கோணத்தில் மூன்று நான்கு துடிப்புகளைப் பதிவு செய்வதும் முறைதான். டெக்னீஷியன் எடுப்பதாக இருந்தால், "என்ன தெரியுது?" என்று அவரைக் குடையாதீர்கள். முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர். முழுமையான எக்கோவுக்கு 20 முதல் 40 நிமிடம் ஆகும். பம்பிங் மட்டும் பார்த்துச் சொல்லும் எக்கோ ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அறுவைக்கு முன் "ஃபிட்னஸ்" கேட்டு அனுப்பியிருந்தால் பல நேரம் இதுவே போதும். வால்வுக் கோளாறு இருப்பவருக்கு இது போதாது. அவர் முழு அளவுகளோடு கூடிய எக்கோவைக் கேட்டுப் பெற வேண்டும்.

பருமனானவர்கள், நெடுங்காலம் புகைபிடித்து நுரையீரல் உப்பியவர்கள் ஆகியோருக்குப் படம் மங்கலாகவே வரும். "எக்கோ விண்டோ சரியில்லை" என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால் அது இதயத்தின் குறை அன்று. ஆனால் அந்த வரி இருக்கும்போது மற்ற அளவுகளையும் கொஞ்சம் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்; வேறு பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயம்.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும்

எல்லோருடைய கண்ணும் முதலில் போவது ஈ.எஃப். என்ற எண்ணுக்கு. மக்கள் பேச்சில் "பம்பிங்". இந்த ஓர் எண்ணைப் போலத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது வேறெதுவும் இல்லை.

இடது கீழறை விரிந்து நிரம்பும்போது அதில் 120 மில்லி ரத்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுருங்கும்போது 72 மில்லி வெளியே போகிறது. 48 மில்லி உள்ளேயே தங்குகிறது. 120-ல் 72 என்பது 60 சதவீதம். இதுதான் ஈ.எஃப். எந்த இதயமும் உள்ளே இருப்பதை முழுக்க வெளியேற்றுவதில்லை. ஆண்களுக்கு 52 முதல் 72 வரையிலும் பெண்களுக்கு 54 முதல் 74 வரையிலும் இருந்தால் அது இயல்பு. அதாவது 60 என்பது முழு ஆரோக்கியமான எண். "நூத்துக்கு அறுபதுதான் வேலை செய்யுதாம், நாப்பது போயிடுச்சாம்" என்று அழுதுகொண்டே வெளியே வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நன்றாக இருக்கும் ஒருவரைப் படிக்கட்டு ஏறவிடாமல், வேலைக்கு அனுப்பாமல் வீட்டில் முடக்கிவைத்த குடும்பங்களும் உண்டு. இந்த எண்ணைச் சொல்லும்போதே இயல்பான அளவையும் சேர்த்துச் சொல்வது மருத்துவரின் கடமை. சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள்.

41 முதல் 49 வரை என்றால் சற்றுக் குறைவு. 40-ம் அதற்குக் கீழும் கவனமாக மருத்துவம் பார்க்க வேண்டிய நிலை. மாரடைப்பு வந்த சில நாட்களில் எடுத்த எக்கோவில் பம்பிங் மிகக் குறைவாக இருந்தால், அதுவே நிரந்தரம் என்று எண்ண வேண்டாம். அடிபட்ட தசையில் ஒரு பகுதி மரத்துப்போய் நின்றிருக்கும். வாரக்கணக்கில் மெல்ல மீளும். அதனால்தான் ஒன்றரை மாதம், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். அந்த இரண்டாவது எக்கோவைத் தவறவிடாதீர்கள். ஆபத்தான துடிப்பை மின் அதிர்வால் சரிசெய்யும் ஐ.சி.டி. கருவி வைக்கலாமா, எந்த மருந்தைக் கூட்டலாம் என்ற முடிவுகள் அதை வைத்துத்தான் எடுக்கப்படுகின்றன.

பம்பிங் 30-லிருந்து 55-க்கு ஏறிவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்துகிறவர்களுக்கு ஒரு செய்தி. இதயம் விரிந்து பம்பிங் குறைந்து, மருந்தால் தேறி இயல்புக்குத் திரும்பிய 51 பேரை வைத்து லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது. 2019-ல் லான்செட் இதழில் அச்சானது. மருத்துவர் கண்காணிப்பிலேயே படிப்படியாக மருந்தை நிறுத்தியும், நிறுத்தியவர்களில் 10-ல் 4 பேருக்கு மேல் ஆறே மாதத்தில் நோய் திரும்பியது. தேறிய இதயத்தைத் தேறிய நிலையிலேயே பிடித்துவைத்திருப்பது அந்த மாத்திரைகள்தான்.

அடுத்துப் பயமுறுத்துவது "ட்ரிவியல் எம்.ஆர்.", "மைல்ட் டி.ஆர்." போன்ற வரிகள். எம்.ஆர். என்றால் மைட்ரல் வால்வில் கசிவு, டி.ஆர். என்றால் டிரைகஸ்பிட் வால்வில் கசிவு. ட்ரிவியல் என்று போட்டிருந்தால் அது நோயே அன்று. ஆரோக்கியமான மனிதர்கள் பலருக்கும் இன்றைய நுட்பமான கருவிகளில் அந்தச் சிறு கசிவு தெரியும். வால்வின் அமைப்பு நன்றாக இருந்து, கசிவு மைல்டாகவும் இருந்தால் பெரும்பாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. மாடரேட் என்றால் குறித்த இடைவெளியில் தொடர்ந்து பார்க்க வேண்டும். சிவியர் என்றால் அறிகுறி இல்லாவிட்டாலும் இதய மருத்துவரிடம் உட்கார்ந்து விரிவாகப் பேச வேண்டும்.

கசிவைவிடச் சுருக்கத்தில் கூடுதல் கவனம் தேவை. மகாதமனி வால்வின் பரப்பு 1 சதுர செ.மீ.-க்குக் கீழே போய், அதைத் தாண்டும் ரத்தத்தின் வேகம் நொடிக்கு 4 மீட்டரைத் தொட்டால் அது கடுமையான சுருக்கம். அத்துடன் நடக்கும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இருந்தால் தாமதிக்கக் கூடாது. மைட்ரல் வால்வின் பரப்பு 1.5 சதுர செ.மீ. அல்லது அதற்கும் குறைவு என்றால் கடுமையான சுருக்கம். ருமாட்டிக் காய்ச்சலால் வந்த இந்தச் சுருக்கம், கர்ப்பகாலத்தில் ரத்த ஓட்டம் கூடும்போது முதன்முதலாக வெளியே தெரிவது உண்டு. அப்படிப்பட்ட பெண்ணுக்கு மாமியார் வீட்டிலும் அம்மா வீட்டிலும் "மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிடுகிறார்கள். நாலு படி ஏறினாலோ இரவில் படுத்தாலோ மூச்சு முட்டுகிறது என்றால் எக்கோ எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோயுள்ளவர்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடச் சொல்லியிருந்தால், எக்கோ எவ்வளவு நன்றாக வந்தாலும் தானாக நிறுத்தக் கூடாது.

மற்றவை சுருக்கமாக. "எல்.வி.ஹெச்." என்றால் இடது கீழறைச் சுவர் தடித்திருக்கிறது; பெரும்பாலும் நெடுநாள் கவனிக்காத ரத்த அழுத்தத்தின் தடயம். "கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்" என்றால் இதயம் விரியும் வேகம் சற்றுக் குறைந்திருக்கிறது. அறுபதைக் கடந்தவர்களிடம் மிகச் சாதாரணம். "நோ கிளாட், நோ வெஜிடேஷன், நோ பி.இ." என்பது மூன்று நல்ல செய்திகள்: உறைகட்டி இல்லை, வால்வில் கிருமித் தொற்றுப் படிவு இல்லை, இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கவில்லை. "ஆர்.டபிள்யூ.எம்.ஏ." என்ற எழுத்துகளை மட்டும் நினைவில் வையுங்கள், கடைசியில் அதற்கு வருவோம்.

தனி ஏற்பாடு தேவைப்படும் எக்கோக்கள்

தொண்டை வழி எக்கோவை மருத்துவமனையில் டீ.ஈ.ஈ. என்பார்கள். உணவுக்குழாய் இதயத்தின் பின்புறத்தை ஒட்டி ஓடுகிறது. அங்கிருந்து பார்த்தால் விலா எலும்பும் நுரையீரலும் மறைக்காது. இடது மேலறையின் மூலையில் உறைந்த ரத்தம் இருக்கிறதா, செயற்கை வால்வில் கோளாறா, வால்வில் கிருமி படிந்திருக்கிறதா என்பதெல்லாம் இதில்தான் தெளிவாகத் தெரியும். மைட்ரல் சுருக்கத்துக்கு பலூன் சிகிச்சை செய்யும் முன் இதை எடுப்பதும் அதற்காகத்தான்: உள்ளே உறைகட்டி இருந்தால் பலூன் போகும்போது அது பெயர்ந்து மூளைக்குப் போய்விடும்.

இதற்குக் குறைந்தது 6 மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது. தண்ணீரை எப்போது நிறுத்துவது, காலை மாத்திரைகளை என்ன செய்வது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கட்டுப்பல்லைக் கழற்றிவிட வேண்டும். ஆடும் பல் இருந்தால் சொல்ல வேண்டும். விழுங்கும்போது உணவு அடைக்கிறது, கல்லீரல் நோயால் ரத்த வாந்தி எடுத்திருக்கிறேன் என்றால் அதை மறைக்கவே கூடாது. குழாயை விடலாமா என்பதையே அது மாற்றும்.

தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளிப்பார்கள். கசக்கும், எச்சில் விழுங்க முடியாதது போலத் தோன்றும். ஆனால் மூச்சுக்குழாய் வேறு, உணவுக்குழாய் வேறு, மூச்சு தடைபடாது. பலருக்கு லேசான தூக்க ஊசியும் போடுவார்கள். குழாய் தொண்டையைக் கடக்கும் சில நொடிகள்தான் கடினம், அப்போது குமட்டும். டாக்டர் "விழுங்குங்க" என்று சொல்லும்போது விழுங்கினால் எளிதாக இறங்கும். மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள், எச்சிலை வாயோரம் வழியவிடுங்கள், கையால் குழாயைப் பிடிக்காதீர்கள். முடிந்த பிறகு தொண்டை மரப்பு முழுக்கப் போகும் வரை, ஒன்றிரண்டு மணி நேரம், தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். தூக்க ஊசி போட்டிருந்தால் அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு ஆள் வேண்டும். ஓரிரு நாள் தொண்டைக் கரகரப்பு இயல்பு. ரத்த வாந்தி, கடுமையான நெஞ்சு அல்லது கழுத்து வலி, காய்ச்சல் வந்தால் உடனே திரும்பி வர வேண்டும்.

ஓடவைத்து எடுக்கும் எக்கோவில் நடைபயிற்சிக் கருவியில் ஏற்றி, துடிப்பு உயர்ந்ததும் படுக்கவைத்துப் படம் எடுப்பார்கள். 220-லிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத்தை எட்டுவது இலக்கு. அறுபது வயதுக்காரருக்கு 136. மூட்டுவலியால் நடக்க முடியாதவர்களுக்கு டோபுடமின் என்ற மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றி அதே வேகத்தைக் கொண்டுவருவார்கள். நெஞ்சு படபடவென்று அடிக்கும், நிறுத்தினால் சில நிமிடத்தில் அடங்கும். வயிறு நிறைய உண்டுவிட்டுப் போகாதீர்கள். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை போடுகிறவர்கள் அதை நிறுத்த வேண்டுமா என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கருவிலிருக்கும் குழந்தையின் இதயத்தை 18 முதல் 24 வாரத்துக்குள் பார்ப்பது நல்லது. தாய்க்குச் சர்க்கரை நோய், முந்தைய குழந்தைக்கு இதயக் குறை, சொந்தத்தில் திருமணம் ஆகியவை இருந்தால் இதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். 1994-ன் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின்படி படிவம் நிரப்ப வேண்டியிருக்கும்; அடையாள அட்டையை எடுத்துப் போங்கள். கைக்குழந்தைகள் பால் குடித்துத் தூங்கும் நேரத்தில் எடுத்தால் மருந்தே தேவைப்படாது. ஓரிரு வயதுக் குழந்தைக்குத் தூக்க மருந்து கொடுப்பதானால், எத்தனை மணி நேரம் பால் கொடுக்கக் கூடாது என்று முன்பே கேட்டு அப்படியே நடக்க வேண்டும். இதயக் குறை என்று தெரிந்து பணத்துக்குத் தயங்கும் பெற்றோர், 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் 18 வயது வரை சிகிச்சைக்கு வழி இருக்கிறது என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ கேட்டறியுங்கள்.

எக்கோவால் சொல்ல முடியாதது

இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. சாதாரண எக்கோவில் இதய ரத்தக் குழாய் அடைப்பு தெரியாது.

தோட்டத்து மோட்டார் நன்றாகத் தண்ணீர் இறைக்கிறது என்பதால், அதற்கு மின்சாரம் கொண்டுவரும் வயர் எங்கும் கருகவில்லை என்று சொல்லிவிட முடியாது. எக்கோ பார்ப்பது மோட்டாரையும் அதன் வால்வுகளையும். இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் கொரோனரிக் குழாய்கள் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம்தான். அவற்றுக்குள் எங்கே எவ்வளவு கொழுப்பு படிந்திருக்கிறது என்று மார்பின் மேல் வைக்கும் கருவியால் காட்ட முடியாது. அடைப்பு 70 சதவீதம் இருந்தாலும், ஓய்வாகப் படுத்திருக்கும் நேரத்தில் தசைக்குப் போதிய ரத்தம் போய்க்கொண்டிருக்கும். சுவர் அழகாக அசையும். பம்பிங் 60 என்று வரும்.

தசை பட்டினி கிடக்கும் நேரத்திலோ பழைய மாரடைப்பில் செத்துப்போன பிறகோதான் அந்தப் பகுதி அசையாமல் நிற்பது தெரியும். அதைத்தான் ஆர்.டபிள்யூ.எம்.ஏ. என்று எழுதுகிறார்கள். "நோ ஆர்.டபிள்யூ.எம்.ஏ." என்றால், படம் எடுத்த நேரத்தில் எல்லாச் சுவரும் சரியாக அசைந்தது என்று மட்டுமே பொருள். அடைப்பு இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. அடைப்பைத் தேட ட்ரெட்மில், ஓடவைத்து எடுக்கும் எக்கோ, சி.டி. ஆஞ்சியோ, ஆஞ்சியோ என்று வேறு வழிகள் உள்ளன. எது தேவை என்பது உங்கள் வயது, வலியின் தன்மை, சர்க்கரை, புகை, குடும்ப வரலாறு இவற்றைப் பொறுத்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

"போன மாசம்தான் எக்கோ எடுத்தோம், நார்மல்னு சொன்னாங்க, இது கேஸ் வலியாத்தான் இருக்கும்" என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தவர்களை இழந்த குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. நெஞ்சின் நடுவில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் பழைய ரிப்போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் வலி இல்லாமல் வெறும் களைப்பாகவோ வாந்தியாகவோகூட வரலாம். 108-க்கு அழையுங்கள், முதல் ஈசிஜியை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுங்கள். ஊரகத்தில் இருப்பவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் 2023 முதல் மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகளை அங்கேயே கொடுத்து அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. எக்கோ ரிப்போர்ட்டை வீட்டில் இருப்பவர்கள் பின்னால் எடுத்து வரட்டும். நீங்கள் முதலில் கிளம்புங்கள்.